சமன் வந்தால் யாருக்கு?

சூதாட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அறவுரைகளாகவே அமைந்துள்ளன. திருக்குறளிற் சூதுக்கென ஓர் அதிகாரம் உண்டு. அது அறத்துப்பாலில் அன்றிப் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே, 94 ஆம் அதிகாரமாக இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. சூதினைப் பாவம் என்று மட்டும் கொள்ளாது, பொருளைக் கையாளும் முறையோடு சேர்ந்த ஒரு பிரச்சினையாகவும் நோக்குவதற்கு இவ்வைப்புமுறை இடந்தருகின்றது. ஆயின், பின்வந்தோர் அறவுரையைப் பேணிய அளவிற்குக் கணக்கைப் பேணினார் என்று கூறுவதற்கில்லை. ‘ஆடாதே’ என்று சொல்லப்பட்ட இளைஞன், ‘ஏன்?’ என்று எண்களைக் கொண்டு கேட்கும்போது அவனுக்கு விடையளிப்பார் அரியர். கிரானைச் சேர்ந்த ஓர் இளைஞனுக்கு அந்த விடை கிடைத்த விதம் ஈண்டு கூறப்படுகின்றது.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வாழைச்சேனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகிய ஊர்களைக் கடந்ததும் கிரான் வரும். கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகம் இங்கேயே அமைந்துள்ளது. ஊர் சாலையோரமாக இருக்க, வயல்கள் பெரும்பாலும் மேற்கே, நீருக்கு அப்பால் கிடக்கின்றன. மாரி கடுமையாகும்போது கிரான் – புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்கிவிடும். 2024 நவம்பர்ப் பெருமழையிலும் அவ்வாறே நேர்ந்தது. அக்காலத்திற் கோராவெளி, பொண்டுகள்சேனை முதலிய இடங்களுக்குப் போவோர் படகையே நம்பவேண்டும். மழை பிந்தினாலும் நட்டம், மிகுந்தாலும் நட்டம் என்ற நிலையில், இவ்வூர் வேளாண்மைக்காரன் ஆண்டுதோறும் வானத்தோடு பந்தயம் வைப்பவன் எனலாம். எனினும் அவனை எவரும் சூதாடி என்று அழைப்பதில்லை.

ஒரு மாரியில் அந்த இளைஞனின் வீட்டார் கோராவெளிப் பக்கத்திற் செய்திருந்த மூன்று ஏக்கர் வேளாண்மையும் குடலைப் பருவத்தில் வெள்ளத்துள் அகப்பட்டு அழிந்தது. தந்தையை இழந்த வீடு அது. தாயும், தங்கையும், தாயின் தகப்பனாராகிய பெத்தப்பாவுமே அங்கிருந்தனர். அடுத்த மாரிக்கு வேண்டிய விதைநெல், பசளை, உழவுகூலி ஆகியவற்றைத் தேடும் பொறுப்பு அவன்மேல் விழுந்தது. உயர்தரத்திற் கணிதம் கற்றுப் பல்கலைக்கழக அனுமதியைச் சில புள்ளிகளாற் தவறவிட்டிருந்த அவன், ஊரவர் சிலரோடு கொழும்புக்குக் கட்டட வேலைக்குச் சென்றான்.

வேலைத்தளத்தின் பின்புறத்தே தொழிலாளர் தங்கும் தகரக் கொட்டகை ஒன்றிருந்தது. அங்கே இரவு வேளைகளிற் பாய் விரித்து ‘இருபத்தொன்று’ ஆடுவது வழக்கம். மேலைநாடுகளிற் ‘பிளக்ஜாக்’ என வழங்குவதும், கொழும்பின் கசினோக்களில் மேசையிட்டு ஆடப்படுவதும் அடிப்படையில் இவ்விளையாட்டே. இலங்கையில் முறையற்ற சூதாட்டத்தைத் தண்டிக்கும் கட்டளைச் சட்டம் 1889 ஆம் ஆண்டிலும், கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2010 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. சட்டம் எதைச் சொன்னாலும் கொட்டகையிற் பாய் விரிவது நின்றபாடில்லை.

ஆட்டத்தின் விதிகள் எளியன. படத் தாள்கள் மூன்றுக்கும் பெறுமதி பத்து. ஏஸ் ஒன்றாகவோ பதினொன்றாகவோ கொள்ளப்படும். ஏனைய தாள்களுக்கு அவற்றின் எண்ணே பெறுமதி. கையிலுள்ள தாள்களின் கூட்டுத்தொகை 21 ஐக் கடவாமலும், வங்கி பிடிப்பவனுடையதை விஞ்சியும் இருத்தல் வேண்டும். ஆடுவோன் எங்கே நிற்பது என்பதைத் தானே தீர்மானிக்கலாம். வங்கிக்காரனுக்கோ அவ்வுரிமை இல்லை. 16 வரை அவன் தாள் எடுத்தே ஆகவேண்டும், 17 இல் நின்றே ஆகவேண்டும். தெரிவு செய்யும் உரிமை தன்னிடம் இருப்பதைக் கண்ட எவனும், வெல்லும் வாய்ப்பும் தன்னிடமே இருப்பதாக எண்ணுவது இயல்பு. அவனும் அவ்வாறே எண்ணினான்.

கணிதம் கற்றவனாதலின் அவன் குருட்டுத்தனமாக ஆட இறங்கவில்லை. கைப்பேசியிற் தேடி ஆட்டத்தின் உபாயங்களைக் கற்றான். அமெரிக்க இராணுவத்திற் பணியாற்றிய போல்ட்வின், கான்ரி, மைசல், மக்டேர்மொட் என்னும் நால்வர், மேசைக் கணிப்பொறிகளின் துணையோடு இவ்வாட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் உகந்த முடிவைக் கணித்து, 1956 இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். இன்று ‘அடிப்படை உபாயம்’ என வழங்குவது அக்கணிப்பின் வழிவந்ததே.

அதன் நியாயம் விளங்குவதற்குக் கடினமானதன்று. கையில் 16 இருக்கும்போது மேலும் ஒரு தாள் எடுத்தால், பதின்மூன்று வகைத் தாள்களுள் ஆறு முதல் ராசா வரையிலான எட்டும் 21 ஐக் கடக்கச் செய்யும். கையில் 12 இருந்தாலோ பத்துப் பெறுமதியுள்ள நான்கு வகைகள் மாத்திரமே ஆபத்தானவை. வங்கிக்காரனின் திறந்த தாள் நான்கு, ஐந்து, ஆறு என்றிருந்தால் அவனே 21 ஐக் கடந்துபோகும் வாய்ப்பு மிகும். அப்பொழுது 12 உடனும் நின்றுவிடலாம். அவனது தாள் ஏழு அல்லது அதற்கு மேற்பட்டதாயின், 16 உடனும் துணிந்து எடுத்தல் வேண்டும். பதினொன்று வந்தாற் பெரும்பாலும் பந்தயத்தை இரட்டித்தல், இரண்டு எட்டு வந்தாற் பிரித்து ஆடுதல், இரண்டு பத்து வந்தாற் பிரியாதிருத்தல் என்பனவும் அதன்பாற் பட்டவையே. இவற்றையெல்லாம் அவன் ஒரு கிழமைக்குள் மனனம் செய்துகொண்டான்.

முதல் மூன்று இரவுகளில் இரண்டில் அவன் வென்றான். கைக்கு 200 ரூபா வீதம், இரவொன்றுக்கு ஏறத்தாழ நூறு கைகள் ஆடினான். மற்றையோர் மனம்போன போக்கில் ஆடித் தோற்க, தான் மட்டும் அறிவினால் வெல்வதாக அவனுக்குத் தோன்றியது. பின்னர் நாளொன்றில் வென்றதை மூன்று நாளில் இழப்பது வழக்கமாயிற்று. ஆயினும் உபாயத்தில் எங்கே பிழைவிட்டோம் என்று தேடினானேயன்றி, ஆட்டத்தையே அவன் ஐயுறவில்லை.

ஓரிரவு, இழந்ததை மீட்கும் வேட்கையில், தோற்குந்தோறும் பந்தயத்தை இரட்டிக்கலானான். 200, 400, 800, 1,600, 3,200, 6,400 என ஆறு தடவை தொடர்ந்து தோற்றபோது 12,600 ரூபா போய்விட்டது. ஏழாவது பந்தயத்துக்கு 12,800 ரூபா வேண்டும். அது அவன் பையில் இல்லை. இருந்து வென்றிருந்தாலும் முடிவில் மிஞ்சியிருப்பது 200 ரூபாவே. வெற்றியும் தோல்வியும் சமவாய்ப்புடையன என்றே கொண்டாலும், இவ்வாறு ஆறு தோல்வி தொடர்ந்து வருவது 64 இல் ஒரு தடவை நிகழக்கூடியது. எஞ்சிய 63 தடவைகளிலும் 200 ரூபா வீதம் சேர்வது 12,600 ரூபா. அறுபத்துமூன்று தடவை சிறுகச் சிறுகப் பெற்றதை அறுபத்துநாலாவது தடவை ஒருங்கே கொடுத்துவிடும் ஏற்பாடே அது. மீட்கும் வழி என்று புதியவர்கள் நம்புவது, இழப்பைப் பின்போட்டுப் பெருப்பிக்கும் வழியேயன்றி வேறன்று.

ஏழு மாதங்களிற் சேர்த்த தொண்ணூறாயிரத்தில் நாற்பதாயிரம் எஞ்சிய நிலையில், விதைப்புக் காலம் நெருங்க, இரவுப் பேருந்தில் வந்து விடியற்காலையிற் கிரான் சந்தியில் இறங்கினான். பணம் குறைந்ததன் காரணத்தைத் தாயிடம் கூறவில்லை. அவன் மனத்தில் வேறொரு திட்டம் இருந்தது. தாயின் கழுத்திலிருந்த சங்கிலியை அடகு வைத்து, கொட்டகைப் பாயை விட்டு, விதிகள் ஒழுங்காகப் பேணப்படும் கசினோ மேசையிற் சென்று ஆடினால் இழந்ததை மீட்கலாம் என்பதே அது. அந்தச் சங்கிலியைத் தவிர அவ்வீட்டில் வேறு நகை இல்லை.

அக்கிழமை ஊரில் ஒரு செத்தவீடு. துக்க வீட்டார் தனித்திராதிருக்க அயலவர் இரவு முழுவதும் விழித்திருந்து கடதாசி விளையாடுவது இப்பகுதி வழக்கம். அங்கு ஆடப்படுவது முந்நூற்றிநாலு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓரினத்துக்கு 76 புள்ளிகள். நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. இஸ்கோப்பன், கலாவரை என இங்கு வழங்கும் பெயர்கள் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்து தங்கியவை. முப்பத்திரண்டு தாள்களில் எவை விழுந்தன, எவை எவர் கையில் நிற்கின்றன என்பதைப் பெத்தப்பா மனத்திலேயே வைத்திருப்பார். எழுபது வயதைக் கடந்தும் அவரைக் கேள்வியில் வென்றவர்கள் குறைவு. காசு வைத்து அவர் ஆடியதை எவரும் கண்டதில்லை.

விடியற்புறம் இருவரும் வீடு திரும்பும்போது, தாயிடம் மறைத்ததை அவன் பெத்தப்பாவிடம் கூறினான். உபாயங்களையெல்லாம் விளக்கி, தான் ஒரு பிழையும் விடவில்லை என்பதையும் சொன்னான். கிழவர் இடைமறிக்காமற் கேட்டார். பின்பு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“சமன் வந்தாக் காசு ஆருக்கு மனே?”

“வங்கிக்காரனுக்கு, பெத்தப்பா.”

“அப்ப நீ எதை நம்பி அந்தப் பாயில இருந்தனீ?”

அவன் நின்றுவிட்டான். தன் கையைப் பற்றிய அனைத்தையும் கற்றிருந்த அவன், வங்கிக்காரனின் இந்த ஒரு விதியை எண்ணிப் பார்த்ததேயில்லை. வீட்டுக்கு வந்ததும் தாளெடுத்துக் கணக்கிட்டான். இருபத்தொன்றில் நூறு கைகளில் எட்டு அல்லது ஒன்பது சமனாக முடிவது இயல்பு. கசினோ மேசையிற் சமன் வந்தாற் பந்தயப் பணம் ஆடுவோனிடம் திரும்பிவிடும். அங்கே அடிப்படை உபாயத்தைத் தவறாது பின்பற்றுவோன், ஒழுங்கான விதிகளின்கீழ், பந்தயமாக வைக்கும் 100 ரூபாவுக்குச் சராசரியாக ஏறத்தாழ 50 சதத்தை இழப்பான். சமனை வங்கிக்காரன் எடுத்துக்கொள்ளும் பாயிலோ அதே அறிவோடு ஆடுவோன் ஏறத்தாழ 9 ரூபாவை இழப்பான். கைக்கு 200 ரூபா வீதம் நூறு கை ஆடினால் வைக்கப்படும் மொத்தப் பந்தயம் 20,000. அதில் நியதியான இழப்பு ஏறத்தாழ 1,800. இருபது இரவுகளுக்கு 36,000. இரட்டித்துத் தோற்ற 12,600 ஐயும் சேர்த்தால், காணாமற்போன தொகைக்கு மிக நெருங்கிய எண் தாளில் நின்றது. அவனை எவரும் ஏமாற்றவில்லை. விதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதன் விலை எவருக்கும் தெரியாதிருந்தது.

முதலிரவுகளில் வென்றதன் காரணமும் அப்பொழுது தெளிவாயிற்று. நூறு கைகளில் அதிர்ஷ்டத்தின் ஏற்றத்தாழ்வு மட்டுமே 2,000 ரூபாவுக்கு மேற்பட்டது. 1,800 ரூபா இழப்பு அந்த ஊசலாட்டத்துள் மறைந்துகொள்ளும். ஆகவே ஓரிரவின் வெற்றி அறிவுக்குச் சான்றாகாது. ஓரிரவின் தோல்வி அறியாமைக்கும் சான்றாகாது. பல இரவுகளைக் கூட்டிப் பார்ப்பவனுக்கே ஆட்டத்தின் உண்மை முகம் தென்படும். புதியவர்களோ அதற்குமுன் தமது முதல் வெற்றியை நம்பிவிடுகின்றனர்.

எனினும் சங்கிலியைப் பற்றிய எண்ணம் அவனை விடவில்லை. கசினோவிற் சமனுக்குக் காசு போகாதே என்று பெத்தப்பாவிடம் வாதிட்டான்.

“சமனும் அவனுக்கில்லை எண்டா, அவன் வெளிச்சத்துக்கும் ஆக்களுக்கும் எங்கயிருந்து காசு குடுக்கிறான்?” என்று அவர் கேட்டார்.

இதற்கான விடை அவன் முன்னரே படித்தவற்றுள் இருந்தது. ஆடுவோனே முதலில் ஆடவேண்டும். அவன் 21 ஐக் கடந்தால் அக்கணமே பணம் போய்விடும். பின்பு வங்கியும் கடந்தாலும் அது திரும்பாது. வங்கி நூற்றில் ஏறத்தாழ 28 தடவை கடக்கின்றது. ஆயின் முன்னரே கடந்து தோற்றவனுக்கு அதனாற் பயனில்லை. இந்த முறைவரிசையே மேசையின் வருமானம். இதற்குமேல், முதலிரு தாள்களிலேயே 21 பெறுவோனுக்கு இரண்டுக்கு மூன்றாகக் கொடுக்கவேண்டியதை ஐந்துக்கு ஆறாகக் குறைத்துக் கொடுக்கும் மேசைகளும் உள்ளன. இழப்பின் வீதம் அங்கே பல மடங்காகும். வங்கிக்கு ஏஸ் திறந்திருக்கும்போது ‘காப்புறுதி’ என்று ஒரு தனிப் பந்தயம் அழைக்கப்படும். அதற்கு ஒன்றுக்கு இரண்டு கொடுப்பர். அது நட்டமின்றி முடிய, அடுத்த தாள் பத்துப் பெறுமதியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாதல் வேண்டும். புதிய கூட்டத்தில் எஞ்சும் 51 தாள்களில் 16 மாத்திரமே அத்தகையவை. மூன்றில் ஒன்றுக்கு 17 வேண்டும். காப்புறுதி என்னும் பெயர் ஆறுதலைத் தருகின்றதேயன்றிக் காப்பைத் தருவதில்லை.

மேசையை வென்றவர்களும் உளர். எட்வேட் தோர்ப் என்னும் கணிதவியலாளர், விழுந்த தாள்களை எண்ணி எஞ்சிய கூட்டம் ஆடுவோனுக்குச் சாதகமாகும் வேளையிற் பந்தயத்தை உயர்த்தும் முறையை ஐ.பி.எம். 704 கணினியின் துணையுடன் ஆராய்ந்து, 1962 இல் நூலாக வெளியிட்டார். செத்தவீட்டிற் பெத்தப்பா செய்வதும் ஒருவகையில் இதுவே. போன தாள் திரும்பி வராது என்ற அறிவே இரண்டுக்கும் அடிப்படை. நளன் கதையில், தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்த்த அளவில் எண்ணிக் கூறிய இருதுபன்னனிடமிருந்து நளன் சூதின் நுட்பத்தைக் கற்றதாகக் கூறப்படுவதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஆயின் தோர்ப்பின் நூல் வந்தபின் கசினோக்கள் பல கூட்டங்களை ஒன்றாகக் கலக்கவும், அடிக்கடி கலைத்துப் போடவும் தலைப்பட்டன. தோர்ப் பந்தயத்தின் அளவுக்குப் பயன்படுத்திய விதி, பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் கெலி 1956 இல் வகுத்தது. சாதகம் எவ்வளவோ அதற்கேற்ற பங்கையே முதலிலிருந்து வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். சாதகமே இல்லாதவன் வைக்கவேண்டிய பங்கு அவ்விதிப்படி பூச்சியம்.

பெத்தப்பா இளமையில் வடமோடிக் கூத்திலே தருமனுக்கு ஆடியவர். சூதின் விளைவு இப்பிரதேச மக்களுக்கு ஏட்டில் மட்டும் உள்ளதன்று. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் ஆலயச் சடங்கில் வனவாசமும் தீமிதிப்பும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. சங்கிலிப் பேச்சைக் கேட்ட கிழவர் கோபிக்கவில்லை.

“முதற் சூதில தருமர் தோத்தது சகுனிக்கிட்ட. போனதெல்லாம் திரும்பிக் கிடைச்சும் ரெண்டாந்தரம் போய் இருந்தாரே, அதில தோத்தது தனக்கிட்டயே, மனே” என்று மட்டும் சொன்னார்.

வானத்தோடு பந்தயம் வைக்கும் வேளாண்மைக்காரன் ஏன் சூதாடி ஆகவில்லை என்பதற்கான விடை அன்று மாலை அவன் கண்முன்னே நின்றது. பெத்தப்பா கடந்த ஆண்டுகளில் அழிவுக்குத் தப்பிய மேட்டுநிலத்து நெல்லைத் தனிச் சாக்கிலிட்டுக் கட்டி, வீட்டு அரிசிக்குத் தட்டுப்பட்ட மாதங்களிலும் அதனை அவிழ்க்காது வைத்திருந்தார். எதை விதைப்பது, எதை உண்பது, எதைத் தொடக்கூடாது என்பன மழை தொடங்குமுன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தன. புலிபாய்ந்தகல் துறையிற் படகோட்டுபவர், எத்தனை பேர் என்பதைக் கரையில் நின்றே சொல்லிவிடுவதும் இதனாலேயே. நடுநீரிற் சென்று ஆளை இறக்க முடியாது.

பந்தய ஒழுக்கம் என்பது இதைவிட வேறொன்றன்று. உட்காருமுன் விதியைக் கேட்டறிதல் வேண்டும். முக்கியமாக, சமன் வந்தால் யாருக்கு என்பதை. போனால் வீட்டில் ஒருவரும் பட்டினி கிடக்காத அளவு பணத்தை மட்டும் தனியே எடுத்து, எஞ்சியதைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். தோல்விக்குப் பின் பந்தயத்தை உயர்த்தலாகாது. எழும் நேரத்தை இருக்குமுன் குறித்தல் வேண்டும். கடன் வாங்கியோ அடகு வைத்தோ ஒருபோதும் ஆடலாகாது. இவற்றைப் பேணுவோன் வெல்வான் என்பதற்கில்லை. பொழுதுபோக்கிற்குத் தான் கொடுக்கும் விலையை அவன் அறிந்திருப்பான் என்பதே இவற்றின் பயன். வருமானமாகச் சூதைக் கொள்ள நினைப்பவனுக்கு இவற்றால் உதவியில்லை.

அம்மாரியில் அவர்கள் ஒன்றரை ஏக்கரே விதைத்தனர். நாற்பதாயிரம் அவ்வளவுக்கே போதுமாயிருந்தது. எஞ்சிய நிலம் தரிசாகக் கிடந்தது. அதன் காரணத்தைத் தாயிடம் அவனே கூறினான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வயலுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். சங்கிலி அவள் கழுத்திலேயே இருந்தது.

விதைப்பு முடிந்ததும் அவன் மீண்டும் கொழும்புக்குச் சென்றான். கொட்டகையில் வழமைபோற் பாய் விரிந்தது. வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த பையன் ஒருவன், முதற் சம்பளத்தோடு பாயின் ஓரத்தில் வந்து அமர்ந்தான். கணிதம் கற்ற அண்ணன் என்று கேள்விப்பட்டு, எத்தனையில் நிற்கவேண்டும் என்று அவனிடம் கேட்டான்.

“அதைப் பிறகு சொல்றன். முதல்ல அவரிட்டச் சமன் வந்தா ஆருக்கு எண்டு கேள்” என்றான் அவன்.

பையன் கேட்டான். வங்கி பிடிப்பவர் தாளைக் கலைத்துக்கொண்டே, தனக்குத்தான் என்றார். அவன் பையனுக்கு நூறு கைக்கு ஒன்பதின் கணக்கை விரல்விட்டுச் சொன்னான். பையன் சற்று நேரம் யோசித்து, ஆயிரம் ரூபாத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றிரவு ஆட்டத்தைப் பார்த்தபடி இருந்தான்.